பாஸ்டர் வீட்டில் அடி விழுகிறது என்று சந்தேகம் வந்தால் யாரிடம் முதலில் பேசுவது?

மும்பையில் ஒரு தமிழ்ச் சபையைச் சேர்ந்த சகோதரி கேட்டிருக்கிறார். அவர்களுடைய பாஸ்டர் தம் மனைவியை அடிக்கிறார் என்று அவருக்குச் சந்தேகம். பாஸ்டரம்மாவின் கையில் கன்றிப்போன தடத்தை ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறார். மே மாத வெயிலிலும் முழுக்கை ரவிக்கை. போன் பண்ணினால் பாஸ்டர்தான் எடுக்கிறார். பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர் இப்போது அங்கே வருவதில்லை. ஒரு மூப்பரிடம் மெல்லச் சொன்னதற்கு, "ஊழியக்காரர் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணுங்க, வெளியே பேசாதீங்க" என்று பதில் வந்ததாம். பாஸ்டரிடமே நேரில் கேட்கலாமா, போலீசுக்குப் போகலாமா, தான் நினைப்பது தவறாக இருந்தால் என்ன ஆவது, பேசாமல் வேறு சபைக்குப் போய்விடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இந்த ஊரில் குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்களுக்காக வாதாடுகிறேன். தமிழ்ச் சபைக்குள்ளேயே வளர்ந்தவள் என்பதால், அந்த மூப்பரின் பதில் எந்தப் பயத்திலிருந்து வருகிறது என்பதும் தெரியும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ்டரிடம் கேட்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு, தனியாக, மரியாதையாகக் கேட்டாலும் வேண்டாம். நீங்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அன்று இரவு அந்த வீட்டில், "நீ யார்கிட்ட என்ன சொன்ன?" என்ற விசாரணை அந்த அம்மாவுக்கு நடக்கும். அவர் உங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டார். தண்டனை மட்டும் அவருக்கு. அடுத்த ஞாயிறு முதல் அவர் உங்கள் கண்ணில் படாமல் போகலாம். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே போய்ப் பேசு என்று மத்தேயு 18-இல் இருக்கிறதே என்பார்கள். அங்கே சொல்லப்படுவது உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தவனைப் பற்றி. இங்கே அடிபடுகிறவர் வேறொருவர், அதுவும் அடிக்கிறவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர். அவருடைய பாதுகாப்பைப் பணயம் வைத்து நாம் ஒரு வசனத்துக்குக் கீழ்ப்படிந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இப்போதைக்குச் சபைக் கமிட்டியும் வேண்டாம். கமிட்டியில் சொன்ன செய்தி அன்று மாலைக்குள் பாஸ்டர் வீட்டுக்குப் போய்விடும். கமிட்டிக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது பிறகு.

முதலில் பேச வேண்டியது அந்த அம்மாவிடம். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. பாஸ்டரம்மாவுக்குத் தனிமை என்பதே கிடையாது. ஆராதனை முடிந்தால் சுற்றிலும் கூட்டம், வீட்டில் எந்நேரமும் விசுவாசிகள், கையில் இருக்கிற போனை எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்க உரிமை கொண்டாடும் கணவர். அதனால் போனிலும் வாட்ஸ்அப்பிலும் இதைத் தொடவே தொடாதீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் நேரம், பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போடும் நேரம், அன்பின் விருந்துக்கு வெங்காயம் உரிக்கும் நேரம், மார்க்கெட்டுக்குச் சேர்ந்து போகும் நேரம் என்று உலகத்தில் யாரும் சந்தேகப்படாத ஒரு பத்து நிமிஷம் கிடைக்கும். அதற்குக் காத்திருங்கள்.

கிடைத்தால், "பாஸ்டர் அடிக்கிறாரா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்ற ஒரே பதில்தான் அவரால் சொல்ல முடியும். "அக்கா, உங்க கையில இருந்த தடத்தைப் பார்த்தேன். நீங்க எதுவும் சொல்லணும்னு இல்ல. வீட்டுல பயமா இருந்தா எந்த நேரமும் எங்க வீட்டுக்கு வாங்க, ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். கதவில் இடித்துக்கொண்டேன் என்பார். சரியென்று விட்டுவிடுங்கள். துருவவும் வேண்டாம், நம்பாதது போல் முகம் காட்டவும் வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி ஒரு பத்து நிமிஷம். தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21 சுற்றில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான் என்று கண்டது. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் யாரிடமும் வாயே திறந்ததில்லை. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கே இந்த நிலை. பாஸ்டரம்மாவின் வாயைத் திறக்க விடாமல் அழுத்துகிறவை இன்னும் அதிகம்.

அவற்றைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் இருக்கிற வீடு சபையுடையது. கணவரின் சம்பளம் உங்கள் காணிக்கையிலிருந்து வருகிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் சபையாரின் உதவி இருக்கலாம். அவருக்கு இந்த ஊரில் தெரிந்தவர்கள் எல்லாரும் கணவரின் விசுவாசிகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவராயிருந்தால் மராத்தியும் தெரியாது, இந்தியும் தட்டுத்தடுமாறித்தான் வரும். கணவர் பேர் கெட்டால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பிள்ளைகள் நடுத்தெருவில். இதற்கெல்லாம் மேலே, "என்னால் நாலு ஆத்துமா விசுவாசத்தை விட்டு விலகிப் போனால் அந்தப் பாவம் என் தலையில்" என்ற பயம். இந்தப் பயத்தைக் கணவரே வளர்த்துவிட்டிருப்பார். மேடையில் நின்று கீழ்ப்படிதலைப் பிரசங்கிக்கிற அதே வாய் வீட்டில் அதே வசனத்தைச் சொல்லி அடிக்கும்போது, அந்தப் பெண்ணுக்குத் தேவனிடம் முறையிடவும் இடமில்லாமல் போகிறது. எல்லாவற்றிலும் கொடிய அடி இதுதான் என்று நான் நினைக்கிறேன். "ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க?" என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

அவர் பேச ஆரம்பித்தால் சிலவற்றைக் காதைத் தீட்டிக் கேளுங்கள். கழுத்தை நெரித்தார், மூச்சு முட்டியது என்று சொன்னால் அது மற்ற அடிகளைப் போன்றதல்ல. வெளியே காயமே தெரியாமல் இருக்கும். ஆனால் பின்னாளில் கொலையில் முடியக்கூடும் என்பதற்கான மிக வலுவான அறிகுறிகளில் ஒன்று அது. கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, கத்தியை எடுத்துக் காட்டுவது, "நீ போனால் உன்னையும் கொன்று நானும் சாவேன்" என்பது ஆகியவையும் அப்படித்தான். இதில் எதையாவது கேட்டால் அன்றைக்கே தகுந்த உதவியைத் தேட வேண்டும். அடி விழுகிற சத்தம் உங்கள் காதில் விழுந்தால் அவசர உதவி எண் 112-க்குப் போன் பண்ணுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்னொன்று: வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்கிற, போகிற நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிற நேரம். அதனால் அவர் கிளம்பும் நாளை யாருக்கும் தெரியாமல் திட்டமிட வேண்டும். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாங்க் பாஸ்புக், கல்யாணச் சான்றிதழ் இவற்றின் நகலும் கொஞ்சம் பணமும் உங்கள் பீரோவில் இருக்கட்டும். காயத்தின் படங்களும் அவரிடம் இல்லாமல் உங்களிடம் இருக்கட்டும், தேதியோடு.

இனி சட்டம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. பாஸ்டர் வீட்டுக்கும் மௌலவி வீட்டுக்கும் அர்ச்சகர் வீட்டுக்கும் அதே சட்டம்தான். அடி மட்டுமல்ல, கட்டாய உறவு, ஓயாத வசை, செலவுக்குக் காசு தராமல் வைத்திருப்பது எல்லாமே அதில் வன்முறை. உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் 4-ஆம் பிரிவு. வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும், இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள் மேல் சிவிலும் கிரிமினலும் எந்தப் பொறுப்பும் வராது. "தவறாக இருந்தால்?" என்று கேட்டீர்களே, அதற்குச் சட்டமே பதில் சொல்லி வைத்திருக்கிறது. நிரூபிப்பது உங்கள் வேலையல்ல.

ஆனால் அதே செய்தியைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவதூறு வழக்கு வரும், பாஸ்டரம்மாவும் அம்பலப்படுவார். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்வது அவதூறு ஆகாது. யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் பழைய 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகள். மூன்று ஆண்டு வரை சிறை. இதில் ஒரு வித்தியாசம்: புகார் அந்தப் பெண்ணிடமிருந்தோ, அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி போன்ற உறவுகளிடமிருந்தோ வந்தால்தான் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியும். சபை உறுப்பினராக நீங்கள் போய்க் கொடுத்தால் அது நிற்காது. அதனால் ஊரில் அவருடைய அம்மாவோ அண்ணனோ யார், எப்படிப்பட்டவர்கள் என்று மெல்லத் தெரிந்துகொள்ளுங்கள். "வாழாவெட்டியாய் வந்துவிடாதே" என்று திருப்பி அனுப்புகிற குடும்பமாக இருந்தால் அவரைக் கேட்காமல் அவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மும்பையில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. இந்த வேலையை நீண்ட காலமாகச் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1984-லேயே டாடா சமூக அறிவியல் நிறுவனமும் மும்பை போலீசும் சேர்ந்து கமிஷனர் அலுவலகத்தில் பெண்களுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கின. காவல் நிலைய வளாகத்திலேயே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு அங்கிருந்துதான் மாநிலம் முழுக்கப் பரவியது. பாந்திரா பாபா ஆஸ்பத்திரியில் மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் தொடங்கிய, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை தரும் 'திலாசா' மையம் பிறகு மற்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. தாராவியில் ஸ்நேஹா அமைப்பு பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. வழக்குக்கு மஜ்லிஸ் போன்ற பெண் வழக்கறிஞர் அமைப்பு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-இல் கேட்கலாம். பெண்கள் உதவிக்கு 181.

இவற்றில் பாஸ்டரம்மாவுக்கு முதல் படியாக நான் ஆஸ்பத்திரியைத்தான் சொல்வேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவர் நின்றால் பத்துப் பேர் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஜுரம் என்றால் போதும். நீங்கள் துணைக்குப் போகலாம். காயத்தை டாக்டர் எழுதினால் அந்தத் தாள் பின்னாளில் பேசும். அங்கே உள்ள ஆலோசகரோ பாதுகாப்பு அலுவலரோ நிகழ்வு அறிக்கை ஒன்றை நிரப்புவார்கள். அதை நிரப்பிவிட்டதாலேயே கோர்ட்டுக்குப் போயாக வேண்டும் என்பதில்லை, பதிவாக இருக்கும். மொழிக்கு மராத்தி தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் உங்கள் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டாம். எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து.

மாஜிஸ்திரேட் என்ன செய்ய முடியும் என்பதைப் பாஸ்டரம்மாவிடம் சொல்லி வையுங்கள், ஏனென்றால் "எங்கே போவேன்" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்று உத்தரவிடலாம்; மீறினால் ஓராண்டு வரை சிறை. அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு கிடைக்கும். தங்க இடமோ அதற்கு வாடகையோ கேட்கலாம். செலவுக்குப் பணம் தரச் சொல்லி, கணவர் தராவிட்டால் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவரே ஒரு பகுதியை நேராக மனைவிக்குக் கொடுக்கச் சொல்லவும் 20-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இங்கே சம்பளம் கொடுக்கிறவர் யார்? சபை. இதைப் படிக்கிற கமிட்டி அங்கத்தினர்கள் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணையை மூடிய அறையில் நடத்தவும் கேட்கலாம்.

அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாலும் வழக்கு மும்பையில்தான் போட வேண்டும் என்றில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கிரிமினல் புகாரையும் அடைக்கலம் புகுந்த ஊரில் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாளையங்கோட்டையில், தமிழில், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் தன் வாயால் தன் கதையைச் சொல்வதற்கும், மும்பையில் மொழி தெரியாமல் இன்னொருவர் வாயால் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் கோர்ட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். விவாகரத்தா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தின் 2001 திருத்தத்துக்கு முன் கிறிஸ்தவ மனைவிக்குக் கொடுமை மட்டும் காரணமாகப் போதாது; இப்போது போதும் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

சபைக்கு வருவோம். பாஸ்டரம்மா சம்மதித்து, பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு கமிட்டியிடம் எழுத்தில் கேளுங்கள். பேராயத்தைச் சேர்ந்த சபை என்றால் பிஷப் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். விசாரணை முடியும் வரை பாஸ்டர் பிரசங்க மேடையில் ஏறக் கூடாது. வீட்டைக் காலி செய்ய வேண்டியவர் அவர், மனைவியும் பிள்ளைகளும் அல்ல. அது முடியாதென்றால் அவர்களுக்குத் தனியாக வாடகை வீடு பிடித்துச் சபை பணம் கட்ட வேண்டும். கட்டட நிதிக்கு மாதாமாதம் பணம் சேர்க்கத் தெரிந்த சபைக்கு இந்த வாடகை பெரிய தொகையல்ல. இருவரையும் சேர்த்து உட்கார வைத்து 'சமாதானம்' பேசும் கூட்டம் கூடவே கூடாது. அடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அடிபட்டவர் உண்மை பேச மாட்டார். எல்லாருக்கும் முன்னால் அழுது மன்னிப்புக் கேட்டார், மனைவி மன்னித்துவிட்டார், விஷயம் முடிந்தது என்பதும் வேண்டாம். டிரஸ்டிகள் எல்லாருமே பாஸ்டரின் அண்ணன் தம்பிகளாக இருக்கிற தனிச்சபைகள் உண்டு. அங்கே கமிட்டியை நம்பி ஒரு நாளையும் வீணாக்காதீர்கள், வெளி வழிதான்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று கட்டாயம் சொல்வார்கள். அந்தப் பேச்சைச் சவுல் ராஜாவின் கதையோடு சேர்த்துத்தான் பிரசங்கிப்பார்கள். அந்தக் கதையை முழுதாகப் படியுங்கள். தாவீது சவுலின் மேல் கை வைக்கவில்லை, உண்மை. ஆனால் சவுல் ஈட்டியை எறிந்தபோது நின்று வாங்கிக்கொள்ளவும் இல்லை, தப்பி ஓடினான். அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டவள் சவுலின் சொந்த மகள் மீகாள். எச்சரித்தவன் சவுலின் மகன் யோனத்தான். அவர்கள் இருவரையும் அபிஷேகத்துக்கு விரோதமானவர்கள் என்று எந்தப் பிரசங்கியும் சொல்வதில்லை. சபையின் கண்காணியாக இருக்கிறவனின் தகுதிகளைச் சொல்கிற 1 தீமோத்தேயு 3-இல், "அடிக்கிறவனும்" ஆக இருக்கக் கூடாது என்று பவுல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். மல்கியா 2:16-ஐக் காட்டித் தேவன் தள்ளிவிடுதலை, அதாவது விவாகரத்தை, வெறுக்கிறார் என்பார்கள். அதே வசனத்தின் அடுத்த வரி, கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றியது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் காத்திருப்பு கிடையாது. பிள்ளைகளையும் அடிக்கிறார் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது உங்கள் கடமை, தெரிவிக்காமல் இருப்பது குற்றம். ஆகவே பாஸ்டரம்மாவிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கும் முன் இந்த ஒன்றை விலக்கி வையுங்கள்.

வேறு சபைக்குப் போய்விடலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: இப்போது போகாதீர்கள். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் தடத்தைப் பார்த்து, அது என்ன என்று கேட்டவர் அங்கே நீங்கள் ஒருவர்தான். பாஸ்டரம்மா எட்டக்கூடிய தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அவர் ஒருமுறை கிளம்பிப் போய், மறுபடியும் அந்த வீட்டுக்கே திரும்பி வரலாம். பல பெண்கள் அப்படித்தான், ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சியில்தான் வெளியே வருகிறார்கள். அப்போது கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருடைய தாள்கள் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். உங்களால் முடியவே முடியாமல் சபை மாற வேண்டி வந்தால், போவதற்கு முன் நம்பகமான இன்னொரு பெண்ணை, பாஸ்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, உங்கள் இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.